மூன்றாம் நாள் ‘இல்லை’, ஏழாம் நாள் ‘இருக்கிறது’: எந்த லேப் சொன்னது உண்மை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பத்து வயது மகனுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், ஒரு லேபில் டெங்கு ஐஜிஎம் ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் புரதம்) ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏழாம் நாள் வேறொரு லேபில் ‘இருக்கிறது’ என்றார்கள். இரண்டில் எது பொய் என்று கேட்கிறீர்கள். கொரோனாவுக்குச் சில மாதங்களிலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிட்டவர்களுக்கு, தாத்தா காலத்திலிருந்து இருக்கும் டெங்குவுக்கு ஒழுங்கான ஒன்றைச் செய்யத் தெரியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டாவதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதலாவதற்கான பதிலும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

நான் மருத்துவர் அல்ல. ஒரு மருத்துவமனையின் வைராலஜி ஆய்வகத்தில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பரிசோதனை மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். அதில் பாதிக் காலம், புதிதாக வரும் கிட்டுகளை வாங்கலாமா வேண்டாமா என்று சரிபார்ப்பதே வேலை. ஆகவே சிகிச்சை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்ல முடியும்.

ஆன்டிபாடி பரிசோதனை வைரஸைத் தேடுவதே இல்லை. வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று அது பார்ப்பதில்லை. நாய் குரைத்ததா என்று கேட்கிறது. நாய் குரைக்க நேரம் எடுக்கும். டெங்குவில் அந்த நேரம் நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, காய்ச்சலின் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஐஜிஎம் தெரிவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஐந்தாம் நாளில் 80 சதவீதம், பத்தாம் நாளில் 99 சதவீதம். முதல் சில நாட்களில் ரத்தத்தில் இருப்பது வைரஸும் அது வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதமும். அதனால்தான் நம் நாட்டு அரசு வழிகாட்டுதலும் முதல் ஐந்து நாட்களுக்கு என்எஸ்1, அதன் பிறகு ஐஜிஎம் என்று பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் ஐஜிஎம் இல்லை என்று வந்ததில் எனக்கு வியப்பே இல்லை. அன்று ஐஜிஎம் மட்டும் கேட்டு எழுதிய சீட்டைத்தான் குறை சொல்லவேண்டும்.

இனி, இப்படி ஒரு பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். எலிசா என்ற முறையை 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஏங்வால், பெர்ல்மன் இருவரும், அதே சமயத்தில் தனியாக நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் கண்டுபிடித்தார்கள். இன்றும் அடிப்படை மாறவில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டுக்குப் பன்னிரண்டு என 96 சிறு குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதத்தை ஒட்டவைக்கிறோம். அதுதான் ஆன்டிஜென். நோயாளியின் சீரத்தை ஊற்றினால், அதற்கான ஆன்டிபாடி இருந்தால் பிடித்துக்கொள்ளும். மற்றதைக் கழுவிக் கொட்டிவிடுகிறோம். பிறகு மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, அதன் முதுகில் ஒரு நொதி. கடைசியாக நிறம் தரும் திரவம். இருந்தால் நீலம், ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டதும் அது மஞ்சளாகி நின்றுவிடும். கருவி அந்த மஞ்சளின் அடர்த்தியை எண்ணாகச் சொல்லும். கழுவுவதில் ஒரு நாள் சோம்பல் பட்டால், தட்டு முழுவதும் சாமந்தி பூத்ததுபோல் ஆகிவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோரும் ஒருமுறையாவது அந்தச் சாமந்தித் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள்.

இதில் மஞ்சளை வரவழைப்பது எளிது. கல்லூரி மாணவர்கள் ஒரு வாரத்தில் செய்துவிடுவார்கள். வரக்கூடாத குழியில் வராமல் இருக்கச் செய்வதில்தான் ஆண்டுகள் போகின்றன. எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சமயம், மேலே சொன்ன நேர்வழி முறையிலேயே நாங்களே ஓர் ஐஜிஎம் எலிசாவைச் செய்து பார்த்தோம். டெங்குவோடு எந்தத் தொடர்பும் இல்லாத நாற்பது பேரின் சீரத்தை வைத்தபோது ஏழு குழிகள் மஞ்சளாயின. கழுவியது தவறோ என்று மறுநாள் திரும்பவும் வைத்தோம். அதே ஏழு. குழாய்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஏழில் ஆறு மூட்டுவாதப் பிரிவிலிருந்து வந்தவை. மூட்டுவாதம் உள்ளவர்களில் பலருக்கு, சொந்த ஐஜிஜி ஆன்டிபாடியையே (ஐஜிஎம்முக்குப் பின் வந்து நெடுநாள் தங்குவது) பிடிக்கும் ஓர் ஐஜிஎம் ரத்தத்தில் இருக்கும். எப்போதோ வந்துபோன டெங்குவின் ஐஜிஜி குழியில் ஒட்டிக்கொள்ள, அதன்மேல் இந்த ஐஜிஎம் ஏறி உட்கார, எங்கள் பரிசோதனை ‘புதிய டெங்கு’ என்று கூவியது. ஏழாவது சீரத்துக்கு இன்றுவரை எங்களுக்குக் காரணம் தெரியாது.

அதற்கான மாற்று வழி, முறையைத் தலைகீழாகத் திருப்புவது. குழியின் அடியில் வைரஸை வைக்காமல், மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைப்பது. சீரத்தை ஊற்றினால் எந்த நோய்க்கான ஐஜிஎம்மாக இருந்தாலும் சிக்கும்; ஐஜிஜி கூட்டம் கழுவலில் போய்விடும். அதன் பிறகு டெங்கு ஆன்டிஜெனை விட்டு, சிக்கிய ஐஜிஎம்களில் டெங்குவைப் பிடிப்பது எது என்று பார்ப்பது. இதற்குத்தான் மேக்-எலிசா என்று பெயர். பூனாவிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் கிட் இந்த வகைதான். மூட்டுவாதத் தொல்லை இதில் பெரும்பாலும் தீர்ந்தது, முழுவதுமாக அல்ல.

அடுத்தது, எந்த ஆன்டிஜெனை வைப்பது என்ற கேள்வி. இதற்கு எச்ஐவியின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. வைரஸ் 1983-இல் பாரிஸில் பிரிக்கப்பட்டது. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் எலிசாவுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டே ஆண்டு. ரத்த வங்கிகள் காத்துக்கொண்டிருந்ததால் அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த முதல் தலைமுறைக் கிட்டுக்கு வைரஸை எச்9 என்ற மனித வெள்ளணுக்களில் வளர்த்து, உடைத்து, அந்தக் கூழைக் குழியில் பூசினார்கள். வைரஸ் வெளியேறும்போது அந்த அணுவின் மேற்புரதங்களையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி யாருக்கு இருக்கும்? பலமுறை கருவுற்ற பெண்களுக்கு. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு. குழந்தையின் வழியாகவும் அந்நிய ரத்தத்தின் வழியாகவும் பிறருடைய அணுக்களை அவர்கள் உடல் சந்தித்திருக்கிறது. நான்கு பிள்ளை பெற்ற தாய் ரத்ததானம் செய்யப் போய், எச்ஐவி இருக்கலாம் என்ற சீட்டோடு திரும்ப நேர்ந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பரிசோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. குழியில் இருந்ததை அவர்கள் ரத்தம் பிடித்தது. குழியில் இருந்தது வைரஸ் மட்டும் என்று நினைத்ததுதான் பிழை. பின்னால் வைரஸின் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் தனியே உற்பத்தி செய்து பூசியபோது இது வெகுவாகக் குறைந்தது.

இதனால்தான் எச்ஐவியில் எலிசா ஒன்றை மட்டும் வைத்து யாருக்கும் முடிவு சொல்வதில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த சீரங்களை வேலூர் சி.எம்.சி.யில் எலிசாவில் வைத்தபோது ஆறு மஞ்சளாயின. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். அதையும் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறையில் உறுதிசெய்த பிறகே ஏற்றார்கள். இப்போதும் நம் நாட்டு எச்ஐவி மையங்களில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று சொல்ல, ஆன்டிஜெனோ முறையோ வேறுபட்ட மூன்று பரிசோதனைகள் ஒரே குரலில் சொல்லவேண்டும். ஒரே கிட்டில் மூன்று முறை வைத்தால் ஒரே தவறைத்தான் மூன்று முறை செய்வோம்.

ஆன்டிபாடியின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸை யாரும் வளர்க்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் இருந்தார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஹௌட்டனின் குழு, நோயுற்ற சிம்பன்சியின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மரபுத் துண்டுகளை பாக்டீரியாவில் புகுத்தி, லட்சக்கணக்கான துண்டுகளை நோயாளியின் சீரத்தால் சலித்தது. ஒரே ஒரு துண்டு பிடிபட்டது. அதிலிருந்துதான் 1989-இல் வைரஸும் தெரியவந்தது, அதற்கான ரத்தப் பரிசோதனையும் பிறந்தது. வைரஸைத் தெரிந்துகொண்டு ஆன்டிபாடியைத் தேடுவதுதான் வழக்கம்; இங்கே ஆன்டிபாடி போய் வைரஸைக் காட்டிக்கொடுத்தது. 2020-இல் ஹௌட்டன் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது உங்கள் கொரோனா கேள்வி. அங்கே ஒரு பெரிய வசதி இருந்தது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு பரிசோதனையைச் சரிபார்க்க, நோய் நிச்சயமாக வந்தவர்களின் சீரமும் வேண்டும், நிச்சயமாக வராதவர்களின் சீரமும் வேண்டும். கொரோனா புது வைரஸ். 2019-க்கு முன் சேமித்து உறைகலனில் கிடந்த எந்தச் சீரத்தை எடுத்தாலும் அது ‘வராதவர்’. பேய் வருவதற்கு முன் எடுத்த புகைப்படம் மாதிரி. டெங்குவில் அந்த வசதி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-18-இல் நாடு முழுவதும் 5 முதல் 45 வயதுள்ளவர்களிடம் செய்த ஆய்வில், டெங்கு ஏற்கனவே வந்துபோனதற்கான ஐஜிஜி இந்திய அளவில் 48.7 சதவீதம் பேரிடம் இருந்தது. தென் மாநிலங்களில் 76.9 சதவீதம். இதில் பெரும்பாலோருக்கு டெங்கு வந்ததே தெரியாது. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரைக் காட்டி ‘இவருக்கு டெங்கு வந்ததே இல்லை’ என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

அதோடு டெங்குவுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். டெங்குவிலேயே நான்கு வகை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, வெஸ்ட் நைல், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் மேலுறைப் புரதத்தில் ஒரு பகுதி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒன்றுக்காக உண்டான ஆன்டிபாடி இன்னொன்றையும் பிடிக்கும். விழுப்புரம், கடலூர் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உண்டு, அதற்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள். அங்கிருந்து ஒரு சீரம் வந்து டெங்கு மஞ்சள் லேசாகத் தெரிந்தால் நாங்கள் பேனாவை எடுக்குமுன் யோசிப்போம்.

வசதி இருந்தும் கொரோனாவில் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. பூனா நிறுவனம் வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, 2020 மே மாதத்திலேயே ‘கவச்’ என்ற ஐஜிஜி எலிசாவைக் கொண்டுவந்தது. அது நல்ல வேலை. ஆனால் அதற்கு முந்தைய ஏப்ரலில், அவசரமாக இறக்குமதி செய்த, சில நிமிடங்களில் முடிவு காட்டும் ரேபிட் ஆன்டிபாடி அட்டைகளைப் பயன்படுத்தவேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். மாநிலங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அட்டைகளின் தரம் ஒரு பக்கம். நாய் குரைக்குமுன்பே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது இன்னொரு பக்கம்.

பரிசோதனை செய்வதில் அடுத்த வேலை, கோடு கிழிப்பது. கருவி தருவது ஓர் எண். ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று அது சொல்வதில்லை. எந்த எண்ணுக்கு மேல் ‘இருக்கிறது’ என்று மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நோயில்லாதவர்களின் எண்களையும் நோயுள்ளவர்களின் எண்களையும் வரைந்தால், இரண்டு கூட்டமும் நடுவில் கொஞ்சம் கலந்தே இருக்கும். கோட்டைக் கீழே இறக்கினால் நோயுள்ளவர் தப்பமாட்டார், ஆனால் இல்லாதவரும் மாட்டுவார். மேலே ஏற்றினால் எதிர்மாறு. ரத்த வங்கிக்கு இறக்குவேன். ஒரு பை ரத்தத்தை வீணாகக் கொட்டினாலும் பரவாயில்லை. ஒரு மனிதரிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் ஏற்றுவேன். இரண்டுக்கும் ஒரே கோடு போதும் என்று சொல்லும் விற்பனையாளரை நான் உட்காரச் சொல்வதில்லை.

‘நூறு நல்ல சீரங்களில் வைத்துப் பார்த்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை, நூற்றுக்கு நூறு துல்லியம்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பார்கள். நூறில் பூஜ்யம் தவறு என்றால், உண்மையான தவறு விகிதம் மூன்று சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதுதான் கணக்கு. அந்த மூன்று சதவீதம் என்ன செய்யும் என்பது எங்கே பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பரிசோதனை இரண்டு பக்கமும் 95 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவருக்கு மட்டும் நோயுள்ள ஊரில் பத்தாயிரம் பேருக்கு வைத்தால், நோயுள்ள 100 பேரில் 95 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 9,900 பேரில் 495 பேரும் பிடிபடுவார்கள். ‘இருக்கிறது’ என்று சீட்டு வாங்கிய 590 பேரில் ஆறில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே கிட்டை, பாதிப் பேருக்கு டெங்கு இருக்கும் காய்ச்சல் வார்டில் வைத்தால், சீட்டு வாங்கிய நூறு பேரில் 95 பேருக்கு நோய் இருக்கும். கிட் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. கேட்ட இடம் மாறிவிட்டது.

இந்தத் துல்லியமெல்லாம் படித்தவர்கள் விளையாட்டு என்று நினைத்தால், பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2016-இல் அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டபின், 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது: முன்பு டெங்கு வராத குழந்தைக்கு இது போட்டால், பிறகு டெங்கு வரும்போது அது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, ஊசிக்கு முன் ‘இந்தக் குழந்தைக்கு டெங்கு வந்ததுண்டா’ என்று ரத்தத்தில் பார்க்கவேண்டும். அந்த ஐஜிஜி பரிசோதனை தவறாக ‘உண்டு’ என்றால் ஊசி தீங்காக முடியும். இந்த ஆபத்தைக் கண்டுபிடித்ததும் ஓர் ஆன்டிபாடி தந்திரத்தால்தான். சோதனையில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளிடமும் ஊசிக்கு முந்தைய ரத்தம் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்பூசிக்கு மேலுறை டெங்குவுடையது, உடல் மஞ்சள் காய்ச்சல் வைரஸுடையது. எனவே ஊசியால் டெங்கு என்எஸ்1-க்கு ஆன்டிபாடி வராது. ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தத்திலேயே டெங்கு என்எஸ்1-க்கு எதிரான ஐஜிஜி இருக்கிறதா என்று பார்த்து, யாருக்கு இயற்கையாக டெங்கு வந்திருந்தது என்று பிரித்தார்கள். ஆன்டிஜெனைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்த்த மிக அழகான காய்நகர்த்தல் அது.

ரேபிட் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் முதல் லேபில் வைத்தது எலிசாவா அட்டையா என்று நீங்கள் சொல்லவில்லை. அட்டையில் ‘சி’ என்ற கோடு வந்துவிட்டால் பரிசோதனை சரியாக நடந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு மழைக்காலக் கூட்ட நெரிசலில் எங்கள் டெக்னீஷியன் ஒருவர் சீரம் விட மறந்து வெறும் திரவத்தை மட்டும் விட்டுவிட்டார். ‘சி’ கோடு அழகாக வந்தது. அந்த வகை அட்டைகளில் அந்தக் கோடு சொல்வது திரவம் ஓடியதை மட்டும்தான். ரத்தம் விட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து சீரம் விட்ட அட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது எங்கள் மேசையின் பழக்கமானது.

நிச்சயமானவற்றைச் சொன்னேன், சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்லவேண்டும். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதங்கள் ரத்தத்தில் தங்கக்கூடியது. ஏழாம் நாள் ‘இருக்கிறது’ என்ற சீட்டை மட்டும் தனியாக என்னிடம் நீட்டியிருந்தால், இது இந்தக் காய்ச்சலுடையதா, இரண்டு மாதத்துக்கு முன் தெரியாமல் வந்துபோனதுடையதா என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது. ‘டெங்கு இருக்கலாம்’ என்றுதான் எழுதுவேன். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களில் சிலருக்கு ஐஜிஎம் மங்கலாகவே வரும், சிலருக்கு வராமலும் போகும். ஐஜிஜி மட்டும் சடசடவென்று ஏறும். நோயின் கடுமையைப் பற்றி மஞ்சளின் அடர்த்தி எதுவும் சொல்லாது. அதற்கு ரத்தத் தட்டணுக்கள், ஹெமட்டோகிரிட், வயிற்றுவலி, வாந்தி என்று மருத்துவர் பார்க்கும் கணக்கு வேறு.

ஆனால் உங்களிடம் ஒரு சீட்டு மட்டும் இல்லை, இரண்டு இருக்கின்றன. மூன்றாம் நாள் இல்லாதது ஏழாம் நாள் வந்திருக்கிறது என்றால், அந்த ஐஜிஎம் பழையதாக இருக்கமுடியாது. இந்தக் காய்ச்சலின் நடுவில் முளைத்தது. நாங்கள் ஒருவரிடம் இருமுறை ரத்தம் எடுக்கக் கெஞ்சுவது இந்த மாற்றத்தைப் பார்க்கத்தான். நீங்கள் பொய் என்று நினைத்த அந்த ‘இல்லை’தான் பிந்தைய ‘இருக்கிறது’ என்பதற்கு எடை கொடுக்கிறது. ஒரே ஒரு குறை, இரண்டும் வெவ்வேறு லேப், பெரும்பாலும் வெவ்வேறு கிட். ஒரே அளவுகோலால் அளந்ததல்ல. முதல் லேபில் அந்த மூன்றாம் நாள் சீரத்தை உறைகலனில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒரு வாரம் வைப்பார்கள். இருந்தால், அதில் என்எஸ்1 பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு சீரத்தையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில், ஒரே தட்டில் வைக்கச் சொல்லுங்கள். சீட்டில் ‘காய்ச்சல் தொடங்கிய தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.